பழைய கார் கேட்கும் தீனி



யானையை வாங்குவது பெரிதல்ல, அதைக் கட்டித் தீனி போடுவதே பெரிது என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. இன்று நம் வீடுகளில் யானை இல்லை, கார் இருக்கிறது. அதிலும், பிறர் சில ஆண்டுகள் ஓட்டிக் கழித்த சிறிய கார்கள் நடுத்தரக் குடும்பங்களின் வாசல்களில் மிகுதியாக வந்து நிற்கின்றன. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும், நால்வர் ஐவர் அமரக்கூடிய அந்தச் சிறு கார்களை ஹாட்ச்பேக் என்று அழைக்கிறார்கள். 1983ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 அந்த வகையை நம் நாட்டில் பரப்பியது. 1998ஆம் ஆண்டில் நம் தமிழ்நாட்டு இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. அத்தகைய பழைய கார் ஒன்று எவ்வளவு பணத்தைத் தின்கிறது, எவ்வளவு புகையைக் கக்குகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இந்தப் பொருளை நான் ஏட்டில் கற்கவில்லை. இராமேசுவரத்தில் என் மைத்துனர் ஒரு சிறு சங்குக் கடை வைத்திருக்கிறார். அவருடைய தாயாருக்கு, அதாவது என் மாமியாருக்கு, மூச்சிரைப்பு உண்டு. மருத்துவத்திற்காக அடிக்கடி இராமநாதபுரம் செல்ல வேண்டும். போக ஏறக்குறைய 55 கிலோமீட்டர், வர 55 கிலோமீட்டர். பகலில் பேருந்து உண்டு. ஆனால் மூச்சிரைப்பு பகலை மட்டும் பார்த்து வருவதில்லையே! ஓர் இரவு வண்டி தேடி அலைந்து, இரண்டு மணி நேரம் கழித்தே அவர்களால் புறப்பட முடிந்தது. அன்றே மைத்துனர் கார் வாங்கத் தீர்மானித்துவிட்டார்.

ஒரு தரகர் பத்து ஆண்டு பழமையான கார் ஒன்றைக் கொண்டுவந்தார். விலை இரண்டு இலட்சம் ரூபாய். "அத்தான், பெட்ரோல் செலவு கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய்தான் ஆகும் என்கிறார். நீங்கள் வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று மைத்துனர் என்னை அழைத்தார். நான் சென்றேன். வண்டியை ஓட்டிப் பார்க்கத் தனுஷ்கோடிச் சாலையைத் தேர்ந்துகொண்டோம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மைத்துனரின் மகளும் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் ஏறிக்கொண்டாள்.

தனுஷ்கோடி என்றதும் உங்களுக்கு 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு நினைவிற்கு வரும். அவ்விரவு வீசிய புயலில் ஊர் அழிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளுடன் வந்த இரயிலைக் கடல் விழுங்கியது. இலங்கைத் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் துறையாக விளங்கிய ஊரில் இடிந்த தேவாலயம், இரயில் நிலையத்தின் சில சுவர்கள் போன்ற இடிபாடுகளே எஞ்சின. அதன்பின் பல்லாண்டுகள் மணலில் செல்லவல்ல வண்டிகளே அங்குப் போய்வந்தன. 2017ஆம் ஆண்டில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. இன்று எந்தச் சிறு காரும் நிலத்தின் நுனி வரை செல்லலாம். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவே ஒரு கோடு போல் சாலை. பழைய காரைச் சோதிக்க இதைவிடக் கடுமையான ஆசிரியர் கிடையாது. ஏன் என்று பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம்.

அந்தப் பெண் கேட்டாள்: "மாமா, பெட்ரோல் மட்டுந்தான் செலவா?" நல்ல கேள்வி. வண்டி ஆண்டிற்கு 8,000 கிலோமீட்டர் ஓடுவதாகவும், ஒரு லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுப்பதாகவும் வைத்துக்கொண்டோம். 500 லிட்டர் வேண்டும். லிட்டர் விலையை முழு எண்ணாக 100 ரூபாய் என்று கொண்டால், 50,000 ரூபாய் ஆகிறது. கிலோமீட்டருக்கு ஆறேகால் ரூபாய். தரகர் சொன்னதில் பெரிய பொய் இல்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஏராளம்.

இரண்டு இலட்சத்திற்கு வாங்கிய வண்டியை ஐந்து ஆண்டு கழித்து விற்றால் 80,000 ரூபாய் கிடைக்கலாம். ஆக, 1,20,000 ரூபாய் கரைகிறது, ஆண்டிற்கு 24,000. இந்தச் செலவு யார் கண்ணிலும் படுவதில்லை. பணப்பையிலிருந்து நாள்தோறும் எடுத்துக் கொடுப்பதன்று, ஆகையால் மறந்துவிடுகிறோம். அடுத்து இன்ஷூரன்ஸ். 1,000 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சின் உள்ள காருக்கு, பிறருக்கு நேரும் இழப்பிற்கான கட்டாயக் காப்பீடு 2022ஆம் ஆண்டு ஜூன் முதல் 2,094 ரூபாய் என விதிக்கப்பட்டது. வரியும், நம் வண்டிக்கான காப்பீடும் சேர்த்து 5,000 என்று எழுதிக்கொண்டோம். எண்ணெய் மாற்றவும் வடிகட்டிகள் மாற்றவும் 6,000. நான்கு டயருக்கு 16,000. அவை ஐந்து ஆண்டு உழைக்குமானால் ஆண்டிற்கு 3,200. பேட்டரி மூன்றாண்டிற்கு ஒரு முறை 4,500, ஆண்டிற்கு 1,500. பிரேக், கிளட்ச் முதலிய பழுதுகளுக்கு ஒதுக்கிவைக்க வேண்டியது 10,000. புகைப் பரிசோதனை முதலிய சில்லறைக்கு 300.

கூட்டிப் பாருங்கள். சரியாக ஒரு இலட்சம் ரூபாய்! ஒரு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை ரூபாய். பெட்ரோல் என்பது மொத்தச் செலவில் பாதிதான். மற்றப் பாதி, வண்டி வாசலில் தூங்கும்போதும் நடந்துகொண்டே இருக்கிறது.

இதிலிருந்து இன்னோர் உண்மையும் புலப்படும். செலவைக் குறைக்க எண்ணி 8,000 கிலோமீட்டரை 4,000 ஆக்கினால் என்ன ஆகும்? பெட்ரோலில் 25,000 ரூபாயும் டயரில் 1,600 ரூபாயும் குறையும். மற்றவை பெரும்பாலும் அப்படியே நிற்கும். மொத்தம் 73,400, கிலோமீட்டருக்குப் பதினெட்டு ரூபாய்க்கு மேல்! மொத்தச் செலவு குறைகிறது, ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டரின் விலையும் ஏறுகிறது. "கார்தான் வாங்கியாயிற்றே, சும்மா நிறுத்திவைப்பானேன்?" என்று மனிதர் நடக்கும் தூரத்திற்கும் காரை எடுப்பதற்கு இந்த மயக்கமே காரணம். மைத்துனரும் அதையேதான் சொன்னார். அவருடைய மகள் மறுத்தாள்: "அப்பா, கொடுத்துவிட்ட பணம் திரும்பப் போவதில்லை. இனி ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் புதிதாக ஆறேகால் ரூபாய் போகிறது அல்லவா?" அவள் சொன்னதே சரி.

இனிப் புகைக் கணக்கு. இதில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று கரியமில வாயு. மற்றொன்று நச்சுப் புகைகள்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. அது எரிந்தால் வெளிவரும் கரியமில வாயுவின் எடையோ ஏறக்குறைய 2.3 கிலோ! முக்கால் கிலோவிலிருந்து இரண்டேகால் கிலோவுக்கு மேல் எப்படி வரும்? இரசாயனம் படிக்கும் மாணவர் உடனே விடை சொல்வர். பெட்ரோலின் எடையில் பெரும்பங்கு கரி. கரியின் அணு எடை 12. அது காற்றிலுள்ள பிராணவாயுவின் இரண்டு அணுக்களைச் சேர்த்துக்கொள்ளும்போது 12 என்பது 44 ஆகிறது. கூடுதல் எடை காற்றிலிருந்து வந்தது. ஒரு கிலோ பெட்ரோலை முறையாக எரிக்கவே 14.7 கிலோ காற்று வேண்டும். ஆக, நம் 500 லிட்டருக்கு ஆண்டிற்கு 1,150 கிலோ கரியமில வாயு. வண்டியின் எடையைவிட மிகுதி! இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டில் அந்தக் கலவை 20 சதவிகிதத்தை எட்டியது. எத்தனால் லிட்டருக்குக் குறைவான கரியமில வாயுவைத் தரும். ஆனால் அதன் ஆற்றலும் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே லிட்டருக்குக் கிடைக்கும் தூரமும் சற்றுக் குறையும். எளிமைக்காகத் தூய பெட்ரோல் என்றே நாம் கணக்கிட்டோம்.

இந்த வாயுவை எந்த வடிகட்டியும் தடுக்காது. எரித்த பெட்ரோல் எவ்வளவோ, அவ்வளவுக்குக் கரியமில வாயு. குறைக்க வேண்டுமானால், குறைவாக எரிக்க வேண்டும், வேறு வழியில்லை.

நச்சுப் புகைகளின் கதை வேறு. எஞ்சினில் எரிதல் முழுமையாக நடவாதபோது கார்பன் மானாக்சைடும், எரியாத பெட்ரோல் ஆவியும் வெளிவருகின்றன. எஞ்சினின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. என் மாமியாரைப் போன்றவர்களின் மூச்சுக்கு எமனாவன இவையே. இவற்றைக் குறைக்கக் காரின் புகைக்குழாயில் ஒரு கருவி உண்டு. கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்பது அதன் பெயர். தேன்கூடு போன்ற அதன் நுண்துளைகளில் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. சூடேறிய பின் அது நச்சுப் புகைகளின் பெரும்பங்கைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றிவிடும். பெட்ரோலில் கலந்த ஈயம் இக்கருவியைக் கெடுத்துவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நம் நாட்டில் நின்றுபோனதற்கு மக்களின் உடல்நலமும் இக்கருவியும் ஆகிய இரண்டுமே காரணம். பின்னர்ப் பாரத் நிலை என்ற பெயரில் படிப்படியாக விதிகள் இறுகின. நான்காம் நிலை 2017ஆம் ஆண்டு ஏப்ரலிலும், ஆறாம் நிலை 2020ஆம் ஆண்டு ஏப்ரலிலும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன.

கருவி சூடேற வேண்டும் என்றேன் அல்லவா? அதற்கு ஏறக்குறைய 300 டிகிரி வெப்பம் தேவை. கடைத்தெருவுக்கு ஒரு கிலோமீட்டர் காரில் சென்று திரும்பினால், கருவி விழித்தெழுமுன் பயணமே முடிந்துவிடும். மிகக் குறுகிய பயணமே மிக அழுக்கான பயணம் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது தனுஷ்கோடிச் சாலைக்குத் திரும்புவோம். அங்கு மூன்று சோதனைகள் உண்டு.

முதலாவது காற்று. காரை எதிர்க்கும் காற்றின் விசை, வேகத்தின் இருபடியாக வளரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மீது 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், கார் 90 கிலோமீட்டர் வேகக் காற்றைக் கிழிக்கிறது. எதிர்ப்பு விசை இரண்டேகால் மடங்காகிறது. அவ்வளவையும் பெட்ரோலே ஈடுசெய்ய வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் இரயிலையே நிறுத்திவந்தார்கள் என்றால், இப்பகுதிக் காற்றின் வலிமையை ஊகித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மணல். காற்றில் பறந்து வரும் மணல் காற்று வடிகட்டியை அடைக்கிறது. மூச்சு முட்டினால் எஞ்சினின் வலிமை குன்றும். வடிகட்டி கிழிந்து மணல் உள்ளே நுழைந்துவிட்டாலோ, சிலிண்டரின் சுவர் தேயும். எண்ணெயும் சேர்ந்து எரிந்து நீலப் புகை வரும்.

மூன்றாவது உப்பு. உலகிலேயே இரும்பை மிகுதியாக அரிக்கும் இடங்களுள் ஒன்று பாம்பன் என்று பொறியாளர்கள் கூறுவர். 1914ஆம் ஆண்டில் திறந்த இரயில் பாலத்திற்கு ஓயாமல் வண்ணம் பூசியே காத்துவந்தார்கள். அது மூப்படைந்து, 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிய பாலம் அதன் பணியை ஏற்றது. பாலத்தையே தின்ற உப்பு, ஒரு சிறு காரின் தகட்டை விட்டுவைக்குமா?

அரிச்சல்முனையில் வண்டியை நிறுத்தினோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோது புகையில் பச்சைப் பெட்ரோலின் வாடை வீசியது. எனக்கு ஐயம் தோன்றிற்று. இராமேசுவரம் திரும்பியதும் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். அவர் வண்டியைத் தூக்கி, அடியில் விளக்கடித்துப் பார்த்தார். மேலே பளபளக்கும் வண்ணம். கீழே செதில் செதிலாகத் துரு! பிரேக் எண்ணெய் செல்லும் குழாய் கூட அரித்திருந்தது. அது ஒரு நாள் வெடித்தால் பிரேக் இல்லை. அதைவிட வியப்பு, புகைக்குழாயில் கன்வர்ட்டரே இல்லை. விலையுயர்ந்த உலோகத்திற்காக யாரோ அதை அறுத்தெடுத்துவிட்டு, வெறுங்குழாயைப் பற்றவைத்திருந்தனர். ஆனால் காலாவதியாகாத புகைச் சான்றிதழ் மட்டும் வண்டியில் பத்திரமாக இருந்தது! சான்றிதழ் காகிதம், நம் மூச்சோ காகிதமன்று.

"இந்த வண்டி வேண்டாம்" என்று மைத்துனர் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் தேடி, கடற்காற்று படாத மதுரைப் பக்கத்தில் இருந்த ஒரு காரை 2,15,000 ரூபாய்க்கு வாங்கினார். பதினைந்தாயிரம் கூடுதல். ஆனால் அடிப்பாகம் திண்மையாக இருந்தது; கன்வர்ட்டர் இருந்தது; புகைச் சோதனையை எங்கள் கண்ணெதிரில் செய்வித்தோம். பாரத் நிலை நான்கைச் சேர்ந்த பெட்ரோல் கார், எஞ்சின் சும்மா ஓடும்போது கார்பன் மானாக்சைடு 0.3 சதவிகிதத்திற்கு மேல் விடக்கூடாது என்பது விதி. வண்டி அந்த வரம்பிற்குள் நின்றது.

"பழைய காரைவிடப் புதிய கார் வாங்குவதுதானே பூமிக்கு நல்லது?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். இதற்கும் கணக்கே விடை தரும். ஒரு புதிய காருக்கு வேண்டிய எஃகும் கண்ணாடியும் ரப்பரும் உண்டாக்குவதிலேயே பல டன் கரியமில வாயு வெளியாகிறது. 5 டன் என்று வைத்துக்கொள்வோம். புதிய கார் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்தினாலும், நம் கணக்கில் ஆண்டிற்கு 230 கிலோதான் குறையும். 5 டன் கடன் தீர இருபது ஆண்டிற்கு மேல் ஆகும். ஆகையால், கொஞ்சமாக ஓடுகிற, நன்றாகப் பேணப்படுகிற பழைய கார் கரியமில வாயுவைப் பொறுத்தவரை குற்றவாளி அன்று. நச்சுப் புகையைப் பொறுத்தவரையோ, பேணாத பழைய கார் பெருங்குற்றவாளி. ஒரே வண்டி, இரண்டு தீர்ப்பு.

இன்னும் ஓர் ஒப்பீடு. நம் கார் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 144 கிராம் கரியமில வாயுவை விடுகிறது. ஒருவர் மட்டும் சென்றால் அவர் பங்கு 144. நால்வர் சென்றால் ஆளுக்கு 36. லிட்டர் டீசலுக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் ஐம்பது பேர் சென்றால், ஆளுக்கு ஏறக்குறைய 11 கிராம்தான். ஆகவே தனியாளுக்குப் பேருந்து, நோயாளிக்கும் குடும்பத்திற்கும் கார், கடைக்குச் சைக்கிள் என்று அந்த வீட்டில் ஒரு சட்டம் வகுத்தார்கள். சட்டத்தை எழுதியவள் அந்தப் பெண். அதை முதலில் மீறியவர் அவள் தந்தை. மழை நாளில் கடைக்குக் காரில் போனார்! அதையும் அவள் நோட்டில் குறித்துவிட்டாள்.

ஓராண்டு கழிந்தது. நோட்டைப் பார்த்தேன். ஓடியது 6,000 கிலோமீட்டர். ஒரு முறை தொட்டியை நிரப்பி, அடுத்த முறை நிரப்பும் வரை ஓடிய தூரத்தை வகுத்து அவள் கண்டது, லிட்டருக்கு 15 கிலோமீட்டர். 400 லிட்டர் பெட்ரோல். 920 கிலோ கரியமில வாயு. எல்லாச் செலவும் சேர்ந்து 92,200 ரூபாய். கிலோமீட்டருக்குப் பதினைந்து ரூபாய்க்குச் சற்று மேல். "தரகர் சொன்ன ஆறு ரூபாய் எங்கே, இந்தப் பதினைந்து ரூபாய் எங்கே!" என்று மைத்துனர் பெருமூச்சு விட்டார். ஆனால் அந்தப் பட்டியலில், ஐப்பசி மாதத்து இரவு ஒன்றில் இராமநாதபுரம் சென்றுவந்த 110 கிலோமீட்டரும் இருந்தது. அன்று புறப்படப் பத்து நிமிடமே ஆயிற்று. என் மாமியார் நலமாக இருக்கிறார். அந்த வரிக்கு எதிரே அந்தப் பெண் செலவை எழுதியிருந்தாள், வேறொன்றும் எழுதவில்லை.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறையக் கால் பங்கைக் கடல் ஏற்றுக்கொள்கிறது. அதனால் கடல்நீரின் காரத்தன்மை குறைந்துவருகிறது. கடலின் வெப்பமும் உயர்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் 2010ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் வெப்பம் தாங்காமல் வெளுத்தன. 1964ஆம் ஆண்டுப் புயலுக்குக் கார்ப்புகை காரணம் என்று நான் கூற வரவில்லை. ஆயினும், நிலம் எத்தனை மெலிந்தது, கடல் எத்தனை வலியது என்பதைத் தனுஷ்கோடியில் நின்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அக்கரையில் 2025ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு பூநாரைகளுக்குச் சரணாலயம் அறிவித்தது. ஆண்டுதோறும் வெகுதூரம் பறந்து வரும் அப்பறவைகளுக்கு, நம் புகைக்கணக்கில் வாக்கு இல்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டில் காரோ மோட்டார் சைக்கிளோ இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தூரம், பெட்ரோல், பழுது, இன்ஷூரன்ஸ், விலைத் தேய்மானம் என ஐந்து பத்திகள் போடுங்கள். ஒவ்வொரு லிட்டருக்கும் 2.3 கிலோ என்று ஆறாவது பத்தியும் போடுங்கள். ஓராண்டு எழுதுங்கள். எந்தப் பயணம் வேண்டியது, எந்தப் பயணம் வேண்டாதது என்று யாரும் உங்களுக்குச் சொல்லத் தேவையிராது. அந்த நோட்டே சொல்லிவிடும்.